அண்ணன் சமைச்ச கிளப்பும் என் சந்தேகமும்

சனிக்கிழமை போன் வந்தா முதல்ல எண்ணெய் கொதிக்கிற சத்தம்தான் கேக்கும்... அதுக்குப் பின்னாடி கூட்டம் ஒரே மூச்சுல கத்துற சத்தம். அப்புறம்தான் அண்ணன் குரல்.

"ஏ புள்ள, கேக்குதா? கோல்!"

நான் அப்ப இலங்கை மலைநாட்டுல, அட்டன் டவுன்ல ஒரு போன் கடையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஸ்பீக்கர்ல போட்டுடுவேன். போனுக்கு ரீலோட் காசு போட வந்தவங்ககூட நின்னு கேப்பாங்க. எங்க தேயிலைத் தோட்டத்துப் பையன் இங்கிலாந்துல, பெரிய டிவிஷன்ல ஆடுற ஒரு ஃபுட்பால் கிளப்போட கிச்சன்ல குக்குன்னா சும்மாவா! கிளப் பேரைச் சொல்ல மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் வந்தா நான்தான் அலையணும்.

அம்மாவுக்கு கோல்னா என்னன்னே தெரியாது. ஆனா அண்ணன் சிரிக்கிறது கேட்டா அந்த வாரம் முழுக்க மூஞ்சி தெளிவா இருக்கும்.

வீட்டுல எனக்கு சீஐடின்னு பட்டப்பேரு. எதையும் லேசுல நம்ப மாட்டேன். அதுக்கு நான் என்ன பண்றது...

திடீர்னு கிளப்புக்குப் புது ஓனர் வந்தாரு. அண்ணன் வீடியோ அனுப்புச்சு. ஜனம் கழுத்துச் சால்வையைத் தூக்கிப் பிடிச்சுப் பாடுது, அந்தாளு கையை ஆட்டுறாரு. பெரிய பெரிய ஆட்டக்காரங்க வரப்போறாங்களாம். கிச்சனுக்குக்கூட புது அடுப்பாம்.

ஆனா இந்தக் கூத்தை நாங்க பாத்திருக்கோம்ல? எங்க தோட்டம் புது கம்பெனி கைக்கு மாறினப்போ, காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துல எல்லாரும் கூடி, தப்பு அடிச்சு, மாலை போட்டு, ஆலாத்தி எடுத்துத்தான் கூட்டிட்டு வந்தோம். போட்ட மாலை காயறதுக்குள்ள மலையில மரம் அறுக்கிற மெஷின் சத்தம்! அப்புறம் உரம் வரல. புல்லுக்கு மருந்து வரல. தேயிலையை வளர்க்க வந்தவன் மரத்தை வித்துட்டுப் போறான்னு எங்களுக்குப் புரியறப்போ மலை மொட்டையா நின்னுச்சு.

அதனால கேள்வி கேக்க ஆரம்பிச்சேன்.

"அண்ணே, அந்தாளு யாரு காசுல கிளப்பை வாங்குனாரு?"

"கடன்தான் புள்ள. ஆனா கடன் கிளப் பேருல."

"என்னது! வாங்குனது அவரு, கடன் கிளப்புக்கா?"

"இங்க அப்படித்தான். உனக்கு எல்லாமே சந்தேகம்."

இன்னொரு நாள், கிரவுண்டையே ஓனரோட வேற ஒரு கம்பெனிக்கு வித்துட்டு, கிளப் அதுக்கு வாடகை கட்டுதுன்னு சொன்னுச்சு. அதையும் பெருமையாத்தான் சொன்னுச்சு, ஓனர் கெட்டிக்காரராம். சொந்த வீட்டுல வாடகைக்கு இருக்கிறது என்னய்யா கெட்டிக்காரத்தனம்? அடுத்தது, சின்ன வயசுல இருந்து அங்கேயே வளந்த ஒரு பையன், நல்லா கோல் போடுறவன்... அவனையும் வித்துட்டாங்க.

"அண்ணே, மரம் வெட்டுறாங்கண்ணே"ன்னேன்.

அண்ணன் சிரிக்கல.

அந்த நேரம் பாத்து பக்கத்து ஊர் ஹோட்டல்ல அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டாங்க. விசாவும் அவங்களே பாத்துக்கிறதா சொன்னாங்க. அண்ணன் விசா கிளப்பை நம்பித்தான் இருந்துச்சு. கிளப் கவுந்தா அண்ணனும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். போயிருங்கண்ணேன்னு கெஞ்சினேன். கத்தினேன். அம்மாவை விட்டும் பேச வச்சேன்.

"அட்டன்ல உக்காந்துகிட்டு நீ எனக்குச் சொல்றியா? டிவிக்காரங்க குடுக்கிற காசுக்கே இந்த கிளப்பை யாராலயும் அசைக்க முடியாது."

அந்தக் காசு பெரிய டிவிஷன்ல இருக்கிற வரைக்கும்தானே! சீசன் முடிவுல தோத்துத் தோத்து கீழ் டிவிஷனுக்கு இறங்கிட்டாங்க. டிவி காசு சுருங்கிருச்சு, ஆட்டக்காரங்க சம்பளம் சுருங்கல. கடன் குடுத்தவங்க கோர்ட்டுக்குப் போக, கிளப்பை நடத்த கோர்ட் வச்ச வெளியாளுங்க வந்து உக்காந்தாங்க. வந்ததும் மொத வேலையா கிச்சனை மூடினாங்க.

அதுக்குள்ள அந்த ஹோட்டலுக்கு வேற ஆள் வந்தாச்சு. அண்ணன் தேடித் தேடிப் பாத்துச்சு... எதுவும் சரிவரல. விசா முடிஞ்சு கட்டுநாயக்க ஏர்போர்ட்டுல வந்து எறங்குச்சு. அம்மா கட்டிப்பிடிச்சு அழுதாங்க. "சொன்னேன்ல"ன்னு நான் வாயே தொறக்கல. என் சந்தேகம் சரியாப் போனதுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லைங்க. சத்தியமா, தப்பாப் போயிருந்தா எவ்வளவோ நல்லாருந்திருக்கும்.

ஒண்ணை நெனச்சா மட்டும் இன்னும் வயிறெரியுது. ஆட்டக்காரங்களுக்கும் மத்த கிளப்புகளுக்கும் பாக்கியை முழுசா தீர்த்தாத்தான் லீக்ல ஆட விடுவாங்களாம். மீன் குடுத்தவன், துணி தொவச்சவன், வெங்காயம் வெட்டுனவனெல்லாம் வரிசையில பின்னாடி... மிச்சம் இருந்தா கொஞ்சம் கிடைக்கும். எவன் போட்ட சட்டமோ!

இப்ப அண்ணன் நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல குக். நல்ல வேலைதான், குறை சொல்லக்கூடாது. ஆனா அப்பல்லாம் பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. இப்ப கேட்டதுக்கு மட்டும்தான் பதில். நானும் மாறிட்டேன். எந்தப் பெரிய கிளப் புதுசா ஒருத்தரை வாங்கிருக்குன்னு நியூஸ் வந்தாலும், ஆடுறவன் யாருன்னு பாக்க மாட்டேன்... காசு எங்க இருந்து வந்துச்சுன்னுதான் தோண்டுவேன்.

போன வாரம் லீவுல வந்திருந்தப்போ அண்ணன் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. அந்த கிளப்பை இன்னொருத்தர் வாங்கிட்டாராம். ஆட்டக்காரங்க பாக்கியெல்லாம் தீந்துருச்சாம். லீக்ல தொடர்ந்து ஆட விட்டுட்டாங்களாம்.

"நாம தப்பிச்சிட்டோம் புள்ள!"

யாருண்ணே தப்பிச்சதுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அது மூஞ்சியைப் பாத்தேன்... ஊருக்கு வந்ததுல இருந்து அப்படிச் சிரிச்சு நான் பாக்கல.

"ஆமாண்ணே, தப்பிச்சிட்டோம்"னேன்.