விபூதிச் சம்புடத்தில் இருந்த மாத்திரை

அம்பலவாணன் திருவடி முன்னிற்க. நோயைத் தந்தவனும் மருந்தைத் தந்தவனும் அவனே என்று வணங்கித் தொடங்குகிறேன். இன்று சனிப் பிரதோஷம். மாலைப் பூசை முடித்து, நெற்றியில் நீறு உலர்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். சினம் தணிந்த பிறகு எழுதலாம் என்று ஓராண்டு காத்திருந்தேன். தணியவில்லை.

சென்ற ஆண்டு தைப்பூசத்தன்று, சிகந்தராபாத்தில் எங்கள் பதிக சபையின் மண்டபத்தில் நடந்தது இது. என் பாட்டனார் ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்த காலந்தொட்டே இங்குள்ள தமிழர் கூடிப் பதிகம் ஓதி வருகிறோம். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பூச நாளில் நடக்கும் முற்றோதலில் முப்பது ஆண்டுகளாக முதல் அடியை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். நான் ஓர் அடி சொன்னால் அறுபது குரல்கள் அதை வாங்கிப் பாடும். அந்த ஆசனத்தைவிட நான் விரும்பியதும் இல்லை, இழக்க அஞ்சியதும் இல்லை.

இளமையிலிருந்தே எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. முதலில் பார்வையின் ஓரத்தில் ஒரு வெள்ளிக் கோடு நெளியும். பிறகு வலப்பக்கப் பொட்டில் ஆணி இறங்கும். அறுபதைக் கடந்தபின் அது மாதத்தில் பத்து நாள் வரத் தொடங்கியது. கூடவே காரணம் தெரியாத படபடப்பு. அழைப்புமணி அடித்தாலே நெஞ்சு அடைக்கும். அமீர்பேட்டில் ஒரு மனநல மருத்துவர் பதற்றத்துக்கு நாளுக்கொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நிறுத்துவதானால் என்னைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்" என்று முதல் நாளே எச்சரித்தார். படபடப்பு அடங்கியது. தலைவலியும் ஓரளவு தணிந்தது.

வெட்கம் மட்டும் அடங்கவில்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கியெடுத்து, பூசையறையில் இருந்த பழைய வெள்ளிச் சம்புடத்தில் போட்டு வைத்தேன். காலையில் நீறு அணியும்போது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வேன். பிரசாதம் என்றே மருமகள் நினைத்திருந்தாள்.

பூசத்துக்குப் பதினைந்து நாள் முன்பு சபையின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நெடுநாள் நண்பர். நீறு எடுத்துக்கொள்ளப் பூசையறைக்குள் போனவர், தவறான சம்புடத்தைத் திறந்துவிட்டார்.

"என்ன ஓதுவாரே, சாமி மாத்திரை ரூபத்துல வந்துட்டாரா?"

நான் தடுமாறி, கடைசியில் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"பயத்துக்கு மாத்திரையா? நீங்களா? பதிகம் பாடற வாயி இது! கைக்கு, எதுக்கு இதெல்லாம்? நக்கோ ஓதுவாரே, வேண்டவே வேண்டாம். நாலு பேருக்குத் தெரிஞ்சா சபை மானம் போயிடும். இதை விட்டுட்டு பூசத்தன்னிக்கு சுத்தமா வந்து உக்காருங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பாக்கறேன்."

அன்று மாலையே சம்புடத்தைக் குப்பைக் கூடையில் கவிழ்த்தேன். மருத்துவரைக் கேட்கவில்லை. நான்காம் நாளிலிருந்து மண்டைக்குள் மின்சாரம் சுண்டுவது போல இருந்தது. உறக்கம் போயிற்று. தலைவலி நாள்தோறும் வந்தது. தெருமுனை மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் காலையும் மாலையும் விழுங்கினேன். பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுவது இழுக்காம், வலிக்கு எத்தனை விழுங்கினாலும் இழுக்கில்லையாம்! இந்தக் கணக்கை எனக்குள் எழுதியவன் எவன் என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

பூசத்தன்று தண்ணீர் மட்டும் அருந்தி ஆசனத்தில் அமர்ந்தேன். கண்ணெதிரே குழல்விளக்குகள், காதருகே ஒலிபெருக்கி, மூக்கெல்லாம் கற்பூரப் புகை. மூன்றாம் மணி நேரத்தில் ஏட்டின் இடப்பாதி காணாமற்போயிற்று. அந்த இடத்தில் வெள்ளிக் கோடு நெளிந்தது. மனப்பாடம்தானே என்று தொடர்ந்தேன். அடுத்த அடி நாவுக்கு வரவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன்.

"அருள் வந்துடுச்சு! ஓதுவாருக்கு அருள் வந்துடுச்சு!" என்று செயலாளரின் குரல் கேட்டது.

உடனே என் முகத்துக்கு நேராகக் கற்பூரத் தட்டு வந்தது. மணி அடித்தார்கள். யாரோ என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நானோ வாந்தியை அடக்கப் போராடிக்கொண்டிருந்தேன். ஒருவன் வலியில் சுருண்டு கிடக்க, அவனைச் சுற்றி அறுபது பேர் கைகூப்பி நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்!

"தட்டை அந்தாண்ட எடுங்க! அருளும் இல்ல ஒண்ணும் இல்ல, தலைவலி அவருக்கு!"

கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்த ஒரு பெண்மணி அவர். நாச்சாரத்தில் பள்ளி ஆசிரியை. விளக்கையும் ஒலிபெருக்கியையும் அணைக்கச் செய்தார். தம் கைக்குட்டையை நனைத்து என் கண்மேல் போட்டார்.

"தினமும் என்ன மாத்திரை சாப்பிடறீங்க சார்?"

"ஒன்றும் இல்லை" என்றேன். அந்த நிலையிலும் பொய்!

அவர் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, அத்தனை பேர் முன்னிலையில் என் கையில் வைத்தார். "இது எனக்கு. பதட்டத்துக்குத்தான். மூணு வருஷமா சாப்பிடறேன். இப்ப சொல்லுங்க."

அப்போதுதான் அவரை நினைவுகூர்ந்தேன். மூன்றாண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில், மருத்துவர் எழுதிய சீட்டோடு வந்து, "சாப்பிடலாமா சார்?" என்று என்னைக் கேட்டவர். "பதிகத்துக்கு மேல் என்ன மருந்தம்மா? கிழித்துப் போடு" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். முன்வரிசையில் பாடியவர் அன்றுமுதல் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். "உன்னையும் சாப்பிட வேண்டாம் என்று சொன்னேனே அம்மா" என்றேன்.

"சொன்னீங்க. நான் கேக்கல சார். அதான் இன்னிக்கு உங்களைத் தூக்கி உக்கார வைக்க ஆள் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

செய்தி அறிந்து வீட்டிலிருந்து மருமகள் ஓடிவந்தாள். மூவருமாக ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் நான் நிறுத்திய மாத்திரையின் பெயரைக் கேட்டதும், எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்போ எல்லாம் டென்ஷன்தான் அங்கிள், ரெஸ்ட் எடுங்க" என்று கோப்பை மூடினார்.

இங்கேயே தெலுங்கு பேசி வளர்ந்தவள் என் மருமகள். என்னிடம் தமிழில் பேசவே கூச்சப்படுவாள். அன்று பொங்கிவிட்டாள். "டாக்டர் காரு, மாமாவுக்கு வலி தலையில இருக்கு. மாத்திரை பேருல இல்ல. ஃபைலைத் திறங்க!"

கோப்பு திறந்தது. நரம்பியல் மருத்துவர் வந்தார். அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார். பதற்ற மருந்தைத் திடீரென நிறுத்தியது ஒரு தவறு, வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கியது இன்னொன்று, அதுவே தலைவலியைத் திரும்பத் திரும்ப அழைத்து வரும், பட்டினி கிடந்தது மூன்றாவது என்றார். நான் உண்ணும் மருந்து ஒவ்வொன்றும் எல்லா மருத்துவருக்கும் தெரிய வேண்டும் என்றார். அமீர்பேட் மருத்துவரிடம் அவரே தொலைபேசியில் பேசினார்.

மண்டபத்தில் மாத்திரை என்றால் பக்தி போதாது என்கிறார்கள். மருத்துவமனையில் அதே மாத்திரை என்றால் வலியே பொய் என்கிறார்கள். நடுவில் துடிப்பவனை எவரும் பார்ப்பதில்லை. வயிற்று நோயில் புரண்டபடியே பாடத் தொடங்கிய அடியாரை நாம் கும்பிடவில்லையா? பார்வை போனதென்று இறைவனிடமே சண்டைக்குப் போன அடியாரைக் கொண்டாடவில்லையா? அவர்களைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் நோய்க்கு முகம் சுளிக்கும் நமக்கு எதற்குப் பதிகம்? இந்தக் கேள்வியில் முதல் குற்றவாளி நானே.

மூன்று வாரம் கழித்து, சபை கூடியபோது ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அந்த ஆசிரியைக்கு நான் சொன்னதையும் மறைக்கவில்லை, மன்னிப்புக் கேட்டேன். செயலாளர், "ஓய்வெடுங்க ஓதுவாரே" என்று என் ஆசனத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். என்னோடு பேசுவதும் இல்லை.

இப்போது கடைசி வரிசையில், விளக்கு கூசாதபடி கறுப்புக் கண்ணாடி அணிந்து, அந்த ஆசிரியைக்கு அருகில் அமர்ந்து பாடுகிறேன். தலைவலி இன்னும் வருகிறது. நாட்காட்டியில் பிரதோஷத்தைக் குறிப்பது போல அதையும் குறித்து மருத்துவரிடம் காட்டுகிறேன். முன்போல அடிக்கடி இல்லை. பூசையறையில் மாத்திரை அட்டை பெயரோடு வெளியிலேயே இருக்கிறது. முதல் அடியை எடுத்துக் கொடுக்கும் பேறு போனது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் முன்னால் அமர்ந்து பாடியபோது என் குரல் மட்டுமே கேட்ட எனக்கு, பின்வரிசையில் யார் எந்த நோவோடு பாடுகிறார் என்பது இப்போதுதான் கேட்கிறது.

இதைப் படிப்போர் அனைவருக்கும் தலைநோவும் மனநோவும் தணிக. மருந்தை ஒளித்து வைக்க வேண்டாத வீடும், கேட்டு நம்பும் மருத்துவரும் வாய்க்கட்டும். அம்பலவாணன் அருகிருந்து காப்பானாக.