கத்தரிக்காய் மாடு

குச்சி குத்திய வெள்ளரிக்காயில் கசியும் பச்சை வாசனையோடு ஊதுபத்திப் புகை கலந்தால் எனக்கு அது ஆகஸ்ட் மாதம். ஜப்பானிலிருந்து வந்த அப்பாவுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. நான் செங்கல்பட்டில் பிறந்த அதே வாரம் ஜப்பானில் அம்மாவின் அப்பா இறந்துபோனார். பச்சை உடம்போடு அம்மாவால் போக முடியவில்லை.

'நீ இன்னா சாமி கும்புடுற?' என்று பள்ளியில் கேட்டார்கள் என்று அம்மாவிடம் வந்து நின்றால், வெகுநேரம் யோசித்துத் தாத்தாவின் படத்தைக் காட்டுவாள். அவளுக்குத் தெரிந்த சாமி அவ்வளவுதான்.

இறந்தவர்கள் ஆகஸ்ட்டில் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கிப்போவார்கள் என்பது எங்கள் ஜப்பானிய நம்பிக்கை. அவர்கள் சீக்கிரம் வர, குச்சிக் கால் வைத்து வெள்ளரிக்காயில் குதிரை, மெதுவாகத் திரும்பிப் போகக் கத்தரிக்காயில் மாடு. இதற்கு 'ஜப்பான் அமாவாசை' என்று பெயர் வைத்தது கீழ்வீட்டு விஜயாக்கா. மாட்டுக்கு அம்மா துடைப்பக் குச்சியில் கால் வைத்ததைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு, வேப்பங்குச்சி ஒடித்து வந்து கொடுத்ததும் அவர்தான்.

நான் மூன்றாவது படித்த வருடம் வழியனுப்பும் நாளில், வாசலைப் பார்த்து நிறுத்தியிருந்த மாட்டை, வேப்பங்கால் ருசியில் வந்த விஜயாக்காவின் ஆடு முழுசாகத் தின்றுவிட்டது. அம்மா படியிலேயே உட்கார்ந்து, அத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

"எங்க அப்பா எப்படி போவாரு?" என்றாள், தன் அரைகுறைத் தமிழில்.

"இன்னாத்துக்கும்மா போவணும்? இங்கயே இருந்துக்கினு போறாரு, வுடு. நம்ம வூட்ல சோறா இல்ல?" என்றார் விஜயாக்கா, ஆட்டை ஒரு அடி போட்டுவிட்டு.

அழுகைக்கு நடுவே அம்மா சிரித்துவிட்டாள். அடுத்த வருடத்திலிருந்து குதிரை மட்டும்தான் செய்தாள்.

ஆடு மேய்ந்த நிலமெல்லாம் இப்போது மனைகள். விஜயாக்கா வீட்டை விற்றுவிட்டுத் திருப்போரூர் பக்கம் போய்விட்டார். அப்பாவும் நானும் கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அம்மா பங்குனியில் இறந்துபோனாள்.

இது அவள் வரும் முதல் ஆகஸ்ட். "மாட்டை மறந்துடாதே, அக்கா நல்லபடியா திரும்பிப் போகணும்" என்று சித்தி ஜப்பானிலிருந்து போனில் சொன்னாள். மார்க்கெட்டில் தேடிப் பிடித்து நல்ல கத்தரிக்காய்களாக வாங்கி வந்தேன். வழியனுப்பும் நாள் காலையில் அவற்றை நறுக்கிக் குழம்பு வைத்துவிட்டேன். எனக்கு அம்மாவை அனுப்ப மனமில்லை.

அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.