பொன்னாடை போர்த்திய கட்டி

என் மனைவியின் தம்பிக்கு வலது தோளின் பின்புறம் ஒரு மேடு இருந்தது. காடாம்புலியூர்க்காரன். சித்திரை பிறந்தால் பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் தூக்குவான். மற்ற மாதங்களில் எங்கள் நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட், மண் ஏற்றிப் போகும் பெல்ட் ஓரம் சிந்தியதை வாருகிற வேலை. பாரம் தூக்குகிறவன் தோளில் காய்ப்பு விழும் என்பது ஊரறிந்த சங்கதி. மண்டியில் சட்டையைக் கழற்றி, யாருடையது பெரிசு என்று பார்ப்பார்கள். மச்சானுடையதுதான் பெரிசு. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டான். சொன்னால் பதக்கம் பறிபோய்விடுமே.

மே தினக் கூட்டத்தில் அந்த மேட்டுக்கு மரியாதையே நடந்தது. பேச்சாளர் அவனை மேடையேற்றி, சட்டையைக் கழற்றச் சொல்லி, உழைப்பு நமக்குத் தந்த ஒரே சொத்து இதுதான் என்று முழங்கி, அதன் மேல் பொன்னாடை போர்த்தினார். டவுன்ஷிப்பில் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. மாற்றலாகிப் போகிறவருக்கு ஒன்று, வருகிறவருக்கு ஒன்று. புற்றுக்கட்டிக்குப் போர்த்தியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கைதட்டலில் குறை வைக்கவில்லை.

தீபாவளிக்கு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை அவன் தோளில் நின்றது.

"பழம் தூக்கி மூணு மாசம் ஆவுது. இது இன்னாடா, இன்னும் வளந்துகினே இருக்குது?"

புதுச்சட்டைக் கையில் கையை நுழைக்க மச்சான் பட்ட பாடே பதில் சொன்னது.

அதற்குள் எங்கள் பிளாக் முழுக்க மருத்துவர்கள் முளைத்துவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரருக்கு அது வாயு, எதிர்வீட்டம்மாளுக்குக் கொழுப்பு. வாட்ஸ்அப் குழுவில் யாரோ வேப்பெண்ணெய் வைத்தியம் அனுப்பியிருந்தார்கள், அடியில் பூங்கொத்துப் படத்தோடு.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதித்துச் சொன்னார்கள்: தோள்பட்டை எலும்பில், குருத்தெலும்பு வகைப் புற்று. அபூர்வமானது. அந்த ஒரு சொல் போதும், சொந்தக்காரர்கள் முகத்தில் ஒரு மெல்லிய பெருமிதம். சர்க்கரை மாதிரி கண்டவனுக்கெல்லாம் வருவதில்லையாமே! மச்சான் என் காதில் சொன்னான்: "இத்தினி வருசம் காண்ட்ராக்ட்டுலயே கெடந்தேன் மாமா. இதாவது பர்மனெண்ட் ஆவுதா பாப்போம்."

மருந்துக்கு இது மசியாது, வெட்டித்தான் எடுக்கணும் என்றார் டாக்டர். நரம்பையும் ரத்தக்குழாயையும் பிடித்திருந்தால் கையையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும், உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும். மச்சான் ஒன்றே ஒன்று கேட்டான்.

"சோறு பெசைய இந்தக் கை இருக்குமாங்க?"

டாக்டர், பார்க்கலாம் என்றார். நான் அதுவரை எத்தனையோ பேரிடம் அலட்சியமாகச் சொல்லியிருந்த அதே சொல்.

அறுவை முடிந்து கண் விழித்ததும் அவன் எங்களைப் பார்க்கவில்லை. போர்வையின் வலது பக்கத்தைப் பார்த்தான். அக்கா போர்வையை விலக்கினாள். கட்டைவிரல் அசைந்தது. பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக, சோம்பேறிப் பிள்ளைகள் எழுந்திருப்பதுபோல. எலும்பில் பாதிக்கு மேல் போய்விட்டது, கை பிழைத்தது. ஆனால் நெஞ்சுக்கு மேலே தூக்க வராது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொன்னாடையை மடித்துக் கைக்குத் தூளியாகக் கட்டிப் பார்த்தாள் அக்கா. வழுக்கிக்கொண்டே போனது. போர்த்துவதைத் தவிர வேறெதற்கும் அது லாயக்கில்லை. கடைசியில் என் பழைய துண்டுதான் உதவியது.

அடுத்த மே தினத்துக்கும் அழைப்பு வந்தது. புற்றை வென்ற தோழராம். மேடையில் முஷ்டியை உயர்த்தி முதல் கோஷம் அவன்தான் போட வேண்டுமாம். நான் சொன்னபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நெஞ்சு வரிக்கும்தான் ஏறும் மாமா. அந்த ஒசரத்துக்கு எதுனா கோஷம் இருந்தா கூப்புடச் சொல்லு."

சொல்லிவிட்டு, குழம்புச் சோற்றை அதே வலது கையால் நிதானமாகப் பிசைந்தான். ரசத்துக்கு அக்காவைக் கூப்பிட்டான்.