அண்ணி ஏற்றாத விளக்கு

வெள்ளிக்கிழமை மாலைகளில் பிரிக்பீல்ட்ஸில் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு கிள்ளானில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ரயில் ஏறுவேன். ஈரத்தோடு பூ மடியில் குளிர்ந்திருக்கும். மழை பெய்தால் ஜன்னலுக்கு வெளியே நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கரையும்; ரயில் நீருக்குள் போவது போலிருக்கும். அண்ணன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார், வீடு திரும்ப நேரமாகும். அண்ணி விளக்கேற்றுவார், நான் பூ வைப்பேன். இந்த ஒழுங்கு மாறியதில்லை.

அன்று அண்ணி தீப்பெட்டியை என்னிடம் நீட்டிவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீயே ஏத்து. நான் இன்னிக்கு தூரம்."

ஏற்றினேன். சுடர் நிமிர்ந்து, சுவரில் பூவின் நிழல் அசையத் தொடங்கியபோதுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. அண்ணிக்கு மாதவிலக்கு நின்று இரண்டு தீபாவளி போய்விட்டது. மீதியிருந்த பேட் பாக்கெட்டுகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, இனி விடுதலை என்று சிரித்தவர் அவர்.

கேட்டேன். போன மாதமும் கொஞ்சம் ரத்தம் பட்டதாம். வலி இல்லையாம். திரும்பவும் குமரியாகிவிட்டதாகக் கேலி பேசினார். நின்ற பிறகு வருவது மாதவிலக்கு இல்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். இந்த வயதில் போய் யாரிடம் காட்டுவது, தானாக நின்றுவிடும் என்றார்.

"சாமி அறைக்குப் போகக்கூடாதுன்னு தெரியுதுல்ல அண்ணி? கிளினிக்குக்குப் போகணும்னு மட்டும் தெரியலையா?"

சாப்பிட்டு முடித்த பிறகு, பொம்பள டாக்டர்தானே என்று மட்டும் கேட்டார்.

கிளினிக்கில் பெண் டாக்டர்தான் பார்த்தார். கருப்பை வாயில் புண் போல் இருப்பதாகச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பினார். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரு வைரஸால் வருவது, பல வருடம் சத்தமில்லாமல் வளரும், புற்றாக மாறுவதற்கு முன்பே சோதனையில் கண்டுபிடித்துவிடலாம் என்றார். அப்போது நர்ஸ் என் பக்கம் திரும்பி, நான் கடைசியாக எப்போது அந்தச் சோதனை செய்துகொண்டேன் என்று கேட்டார். காருக்கு எண்ணெய் மாற்றக்கூட நாள் தவறாத நான், அதை ஒருமுறையும் செய்ததில்லை. நுனியில் பஞ்சு வைத்த ஒரு மெல்லிய குச்சியைக் கொடுத்தார். உள்ளே விட்டு மாதிரியை நாமே எடுத்துக்கொள்ளலாமாம். நீலத் திரை மின்விசிறிக் காற்றில் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அதன் மறைவில் ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது.

எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அண்ணிக்கு மருத்துவமனையில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை ரயிலில் எந்த நிலையத்தின் பெயரும் என் கண்ணில் படவில்லை. புற்றுநோய்தான். ஆனால் கருப்பை வாயைத் தாண்டவில்லை, கருப்பையை எடுத்துவிட்டால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். எடுத்தார்கள்.

வீடு திரும்பியபின் வந்த வெள்ளிக்கிழமை, அண்ணி சாமி அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தீப்பெட்டியை நீட்டினேன்.

"இனிமே எந்த வெள்ளிக்கிழமையும் எனக்கு லீவு இல்ல லா," என்றார்.

வாங்கி உரசினார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றிக்கொண்டது.