கையை வைக்காத கைராசி

கைராசிக்கு அந்த ஹாலில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மடியில் வைத்தால் அது தானாக எழுந்து பக்கத்துப் பாயில் கிடக்கும் பிள்ளையிடம் போய்விடுகிறது. கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய மாதிரி இருக்கிறது. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எதிரே ஒரு தாய், அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவதுபோல் பிள்ளையின் வயிற்றை விரல் நுனியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். விரல் இல்லையம்மா, உள்ளங்கை, உள்ளங்கை என்று கைராசிக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஒரு கை மெல்ல வெளியே வந்தது.

"அக்கா, கை" என்றாள் பயிற்சி கொடுக்கிறவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

முதுகிலும் ஒரு கண் வைத்துப் பிறந்தவள் போலிருக்கிறது. கைராசியைவிட வயதில் எவ்வளவோ சின்னவள், இன்னும் பிள்ளை பெறாதவள். எதற்கெடுத்தாலும் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்துவாள் என்பதால் கைராசி மனதுக்குள் அவளுக்கு டிராபிக் என்று பெயர் வைத்திருந்தாள். குழந்தைகளுக்கு உடம்பு பிடித்துவிடக் கற்றுக்கொடுக்கும் அந்த வகுப்பில் டிராபிக் வைத்ததுதான் சட்டம். முதல் சட்டம், பிள்ளையைத் தாய் தகப்பன் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. சொல்லிக்கொடுக்கிறவளும், அதற்குப் பழக வந்திருக்கும் கைராசியும் எதிரே உட்கார்ந்து ஒரு பொம்மையில் செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பொம்மை இருக்கிறதே, அதைப் பார்த்தாலே கைராசிக்குப் பற்றிக்கொண்டு வரும். நிஜப் பிள்ளையின் கனம் வரட்டும் என்று மணல் அடைத்த துணிப் பொம்மை. அழாது, நெளியாது, காலை மடக்கினால் மடக்கியபடியே கிடக்கும். அவள் வைத்த பெயர் மௌனசாமி. தொடங்குமுன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக் காட்டி, "தொடலாமா கண்ணு?" என்று அதனிடம் அனுமதி வேறு கேட்க வேண்டும். இந்த ஜடத்திடம் அனுமதி கேட்கவா இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினாள். பேர் கைராசி, வேலை மட்டும் கையை வைக்காமல் இருப்பது என்று கணவன் சிரித்தான். அன்றைக்கு அவனுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை.

அவள் விட்டுவிட்டு வந்த வேலை, ஒரு செல்போன் கம்பெனியின் புகார்ப் பிரிவு. காலையிலிருந்து மாலை வரை காதுக்குள் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். எப்பேர்ப்பட்ட ஆளையும் அவள் பேசிப் பேசியே தண்ணீராக்கிவிடுவாள். மேலதிகாரியே முடியாத ஆட்களை அவள் பக்கம் தள்ளிவிடுவார். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பொழுது சாய்ந்தால் போதும், முகம் சிவந்து, முஷ்டி இறுகி, காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு வீட்டையே இரண்டாக்கும். பால் கொடுத்தாலும் அழுகை, தோளில் போட்டாலும் அழுகை. டாக்டர் பார்த்தார், நோய் ஒன்றும் இல்லை, சில பிள்ளைகள் இப்படித்தான், மாதம் ஏற ஏறத் தானாக அடங்கும் என்றார். அவருக்கென்ன, சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பால் பத்தவில்லை என்றாள் ஒருத்தி, பால் அதிகம் என்றாள் இன்னொருத்தி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. அதையெல்லாம்கூடக் கைராசி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தைதான். அவள் கணவனின் தங்கை, வேலை முடிந்து அந்த வழியாக வருவாள். செருப்பைக் கழற்றியதும் நேரே வந்து பிள்ளையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். புதுக் கையோ, புது வாசனையோ, பிள்ளை சட்டென்று அடங்கிவிடும்.

"பாத்தீங்களா அண்ணி, என்கிட்ட வந்தா அழுகையே இல்ல" என்பாள்.

கெட்ட மனசில் சொல்லவில்லை. அது கைராசிக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு தடவையும் அவள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாள் முழுக்கச் சுமந்தது நான், பேர் வாங்கிக்கொண்டு போவது நீயா என்று அவள் வயிறு எரிந்தது. அதைவிடப் பெரிய எரிச்சல், ஒருவேளை என் கையில்தான் ஏதோ கோளாறோ என்ற சந்தேகம்.

அந்தச் சந்தேகம்தான் அவளை முதலில் இந்த ஹாலுக்கு இழுத்து வந்தது. அப்போது வேறு ஒரு அம்மாள் வகுப்பு எடுத்தாள். பால் குடித்த உடனே செய்யக்கூடாது, எண்ணெயை உள்ளங்கையில் சூடேற்றிக்கொள்ள வேண்டும், விலா எலும்புக்குக் கீழிருந்து ஒரு கை இறங்க அடுத்த கை தொடர வேண்டும், பிறகு முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துச் சற்று நிறுத்தித் தளர்த்த வேண்டும். கைராசி பழகினாள். நாளடைவில் மகளின் அழுகை குறைந்தது. கை குறைத்ததா, மாதம் ஏறியதால் குறைந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் குடியிருப்பு முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. அழுகிற பிள்ளையை எல்லாம் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்தார்கள். அவள் வாங்கினால் பிள்ளை அடங்கியது. கைராசி என்ற பேரும் ஒட்டிக்கொண்டது.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கைராசி வேலையை உதறினாள். பயிற்சி எடுத்து, தன் தெருவிலேயே சொந்தமாக ஒரு வகுப்பு நடத்த வேண்டும் என்று கிளம்பினாள். அதற்கு டிராபிக் சரி என்று சொல்ல வேண்டும். கடைசி வகுப்பு வெள்ளிக்கிழமை. அதற்குள் வந்து விழுந்தது ஒரு வினை.

வகுப்புக்கு வருகிறவர்களில் ஒருத்தி நூலகத்தில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் ஊசி விழுந்தாலும் கேட்கிற இடம். அவளுக்குப் பிறந்த பையனோ, அழ ஆரம்பித்தால் கீழே பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அன்று டிராபிக் போன் பேச வெளியே போயிருந்தாள். பையன் உச்ச ஸ்தாயியில் பிடித்துக்கொண்டான். நூலகக்காரியின் முழங்கை பட்டு எண்ணெய்ப் புட்டி கவிழ்ந்தது, மற்ற தாய்மார்கள் எல்லாரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். கைராசியால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ப் பையனை வாங்கி, முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, மெல்ல ஆட்டினாள். விம்மல் குறைந்தது, பிறகு சத்தமே இல்லை. ஹாலே பெருமூச்சு விட்டது.

"பாத்தீங்களா, என்கிட்ட வந்தா அழுகையே இல்ல" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது. நூலகக்காரியின் முகம் சுருங்கிப்போனது. பையனை வாங்கிக்கொண்டு, பையைக் கூட மூடாமல் கிளம்பிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கையையாவது வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

டிராபிக் கத்துவாள் என்று கைராசி எதிர்பார்த்தாள். கத்தவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். இனிமேல் வரமாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லியனுப்பிவிட்டதாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை அவங்க அவங்களா வந்து அந்தப் பாய்ல உக்காந்தா, நீங்க வகுப்பு எடுக்கலாம்கா. இல்லன்னா வேண்டாம்" என்றாள்.

இது என்ன நியாயம் என்று கைராசி வழியெல்லாம் முணுமுணுத்தாள். பிள்ளையின் அழுகையை நிறுத்தினேன், கொலையா செய்தேன்? ஆனாலும் மறுநாள் மாலை மௌனசாமியைப் பையில் திணித்துக்கொண்டு நூலகக்காரியின் வீட்டுக்குப் போனாள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போதே பையனின் குரல் எதிரே இறங்கி வந்தது. கதவு திறந்தது. தலை கலைந்து, சட்டையெல்லாம் பால் கறையாக நின்ற நூலகக்காரி, யார் என்று பார்த்ததும் பையனை அப்படியே நீட்டினாள்.

"வாங்க. உங்ககிட்டதான் அழமாட்டானே. நீங்களே வச்சுக்கோங்க."

கைராசியின் கைகள் பாதி தூரம் போய்விட்டன. எப்படித்தான் இழுத்துக்கொண்டாளோ, பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வாங்க மாட்டேம்மா."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க? வேடிக்கை பாக்கவா?"

நியாயமான கேள்விதான். எத்தனையோ கோபக்காரர்களைப் போனில் சமாளித்தவள், இப்போது பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றாள் ஒரு வழியாக. "என் பொண்ணு அழுதப்ப ஒருத்தி எனக்கும் அதையேதான் சொன்னா. நான் பாத்ரூம்ல போய் அழுதேன்."

நூலகக்காரி நீட்டிய கையை மடக்கிப் பையனை மார்போடு சேர்த்துக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை, ஆனால் கதவையும் சாத்தவில்லை. கைராசி தானாகவே உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். துவைக்காத துணி ஒரு பக்கம், திறந்து கிடந்த டயப்பர் பாக்கெட் ஒரு பக்கம். நடுவில் இடம் ஒதுக்கி மௌனசாமியைப் படுக்க வைத்தாள்.

பிறகு நடந்தது பெரிய சாதனை ஒன்றும் இல்லை, பெரிய அவஸ்தை. கைராசி பொம்மையை முன்கையில் குப்புறப் போட்டுக் காட்டினாள், நூலகக்காரி பையனைப் போட்டாள். அவன் இன்னும் உரக்கக் கத்தினான். பயமா இருக்கு என்று நூலகக்காரி அழுதாள். கைராசி பொம்மையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணின் மணிக்கட்டு கோணலாக இருந்தது. ஒரே ஒரு விரலால் தள்ளிவிட்டால் போதும், சரியாகிவிடும். கைராசி பல்லைக் கடித்துக்கொண்டு தன் மணிக்கட்டைத் திருப்பி, மறுபடி திருப்பிக் காட்டினாள். பார்க்கவே மாட்டாளா இவள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு கட்டத்தில் பார்த்தாள். மணிக்கட்டு நேரானது. கத்தல் விம்மலாக இறங்கியபோது நூலகக்காரி பையனை மல்லாத்தி, கையைத் தேய்த்து, "தொடலாமா கண்ணு?" என்று கம்மிய குரலில் கேட்டாள். உள்ளங்கை வயிற்றில் இறங்கியது, அடுத்த கை தொடர்ந்தது. முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்தாள். பையன் அந்தச் சின்ன உடம்பிலிருந்து இவ்வளவா என்று நினைக்கும்படி பெரியதாக ஒரு காற்றுவிட்டான்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். பையன் அழவில்லை. ஈரக் கண்ணோடு அம்மாவையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நூலகக்காரியின் கணவன், தோளில் அலுவலகப் பை. வீடு இருந்த அமைதியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். வந்திருப்பது கைராசி என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"அதானே பாத்தேன். அக்கா கை வச்சாச்சு, அடங்கிட்டான்" என்றான்.

கைராசிக்கு உடம்பெல்லாம் கூசியது. வாய் திறக்கப்போனாள். அதற்குள் நூலகக்காரி தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா தொடவே இல்ல" என்றாள். "நான்தான்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி சரி என்று உள்ளே போனான். கைராசி மௌனசாமியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை வழக்கமான நேரம்தானா என்று நூலகக்காரி பின்னால் வந்து கேட்டாள். ஆமாம் என்றாள் கைராசி.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைராசி நின்றாள். ஜெயித்துவிட்டோம், வகுப்பு கிடைத்துவிடும், சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் மனதில் வந்து நின்றது வேறு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நான்தான் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கைராசிக்கு ஒரு சாயங்காலம்கூட வாய்க்கவில்லை. பிள்ளை அடங்கும் நேரம் பார்த்து யாராவது வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இனி யாரிடம் போய்க் கேட்பது?

மேலே பையன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். நல்ல கனத்த குரல். கைராசியின் கால் தானாக ஒரு படி மேலே ஏறியது. சனியன் பிடித்த கை, அதற்குள் பையின் வாரை விட்டு எழுந்துவிட்டது. அவள் அதைக் கொண்டுபோய்ப் படிக்கட்டின் கம்பியில் வைத்து இறுக்கினாள். மேலே நூலகக்காரியின் குரல், "தொடலாமா கண்ணு?" என்று கேட்டது. கைராசி கம்பியை விடாமல் பிடித்தபடியே கீழே இறங்கினாள்.