மீன் பெட்டியில் செய்த பிளேன்

எங்கள் கீழ்க்கணக்கு மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைப்பதென்று முடிவான கூட்டத்தில் என் வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

தோட்டத்தில் மேல்பிரிவை மேல்கணக்கு என்போம், கீழ்ப்பிரிவைக் கீழ்க்கணக்கு என்போம். ஒரே தேயிலை, அதை அரைக்கிற ஒரே ஸ்டோர், ஒரே பனி. ஆனாலும் கோயில் விசயம் என்று வந்துவிட்டால் இரண்டும் இரண்டு நாடு. அதற்கு முந்தின வருசம் மேல்கணக்குக்காரர்கள் தங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஹட்டனில் இருந்து கல்யாண வீடியோ எடுக்கிறவரைக் கூட்டிவந்து, ட்ரோன் மூலம் கலசத்தின் மேல் பூப்போட்டார்கள். அந்தக் காயம் எங்கள் கமிட்டித் தலைவருக்கு ஆறவில்லை. அவர் ஓய்வுபெற்ற கங்காணி. குரலில் இன்னும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக் கம்பீரம் இருக்கும்.

“மேக்கணக்குல வானத்துல இருந்து பூ விழுந்துச்சு. நமக்கு வானத்துல இருந்து என்னா விழும்? பனி விழும்” என்றார்.

“நாமளும் ட்ரோன் கொண்டாருவோமே” என்றார் ஒருவர்.

“அவங்க செஞ்சதையே செஞ்சா அவங்களுக்குத்தான் பெருமை.”

அந்த நேரம் பார்த்து நான் சொன்னேன்: “தலைவரே, நான் பிளேன் செஞ்சு பூப்போடுறேன்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஸ்டோரில் ஃபிட்டருக்குக் கையாளாக இருக்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் போனில் ரிமோட் பிளேன் செய்கிற வீடியோக்களை நான் பார்த்த அளவுக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பூசைத் தட்டை என் முன்னால் நீட்டினார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

“தொட்டுச் சொல்லு.”

தொட்டுச் சொன்னேன். அதோடு அது பேச்சில்லை, நேர்த்திக்கடனாகிவிட்டது. அம்மனுக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றாமல் இருந்துவிட்டு அவள் முகத்தில் முழிக்க என்னால் முடியாது. இன்றைக்கும் விபூதி பூசாமல் நான் தேத்தண்ணி குடிப்பதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மனுக்குப் பூப்போடணும்னு ஆசையா, ஒங்களுக்குப் பிளேன் விடணும்னு ஆசையா?”

“ரெண்டும்தான்” என்றேன்.

“எது மொதல்ல?”

வெங்காயம் எனக்கும் கண்ணைக் கரித்தது.

மனைவியின் தம்பி ஹட்டனில் போன் திருத்துகிறவன். மோட்டார், பேட்டரி, ரிமோட், ரிமோட்டின் பேச்சைக் கேட்கிற சின்னப் பெட்டி எல்லாவற்றையும் கொழும்பு புறக்கோட்டையில் அலைந்து வாங்கிவந்தான். பிளேனின் உடம்புக்குக் கனமில்லாத ஏதாவது வேண்டும் என்றான். அதையும் அவனே கொண்டுவந்தான். மார்க்கெட் மீன் கடைக்கு ஐஸ் போட்டு மீன் வருகிற வெள்ளைப் பெட்டிகள், நாலு. தூக்கினால் காற்றைத் தூக்குகிற மாதிரி இருக்கும். மோந்தால் மட்டும் நீர்கொழும்பு மீன் துறைமுகம்.

“கோயில் காரியத்துக்கு மீன் பெட்டியா?” என்றாள் மனைவி.

“கழுவுனா வெறும் பெட்டிதான் அக்கா.”

கழுவினோம். சவர்க்காரம் போட்டு ஒரு தடவை, எலுமிச்சம்பழம் தேய்த்து ஒரு தடவை, மஞ்சள் தண்ணீரில் மூன்று தடவை. காயவைக்க வெயில் வேண்டுமே. அந்த மாதம் மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை. அடுப்படியில் வைத்துக் காயப் போட்டோம். அதனால் மீன் வாடையோடு புகை வாடையும் சேர்ந்துகொண்டது.

வெட்டுவதற்கு வீட்டுக் கத்தியை அடுப்பில் சூடாக்கிக்கொண்டேன். இறக்கைக்குள் உடைந்த குடைக் கம்பிகளை வைத்து ஒட்டினேன். வாலில் திரும்புகிற பலகைக்கு எதுவும் சரிவரவில்லை. கடைசியில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் எடுத்த என் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெட்டிப் போட்டேன். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் பிளேனின் வாலில் என் விலா எலும்புகள் வரிசையாகத் தெரியும்.

“சளி இருக்கான்னு பாக்கச் சொன்னா, பறக்குமான்னு பாக்குறீங்க” என்றாள் அவள்.

வயிற்றுப் பக்கம் ஒரு சின்னக் கதவு. ரிமோட்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் ஊக்கு விலகிக் கதவு திறக்கும், பூ கொட்டும். வீட்டில் நூறு தடவை தட்டிப் பார்த்தோம், நூறு தடவையும் திறந்தது.

மழையில் வெளியே விட்டுப் பார்க்க வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் ஓடாத நாளாகப் பார்த்து, ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு கொழுந்து வாட்டுகிற மேல்மாடிக்குப் பிளேனைத் தூக்கிப்போனோம். கோயில் காரியம் என்றதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நீளமான கூடம் எங்கள் தோட்டத்தில் வேறில்லை. மோட்டாரைப் போடாமல் சும்மா கையால் வீசினோம். பிளேன் மூக்கைத் தூக்கியது, கொஞ்சம் யோசித்தது, வால் பக்கமாகத் தொப்பென்று உட்கார்ந்தது. மறுபடி வீசினோம், மறுபடி உட்கார்ந்தது. மச்சினன் போனை நோண்டி என்னென்னவோ கணக்குச் சொன்னான்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மனைவி சொன்னாள்: “இருபது வருசமா கொழுந்துக் கூடை தூக்குறேன். கூடை பின்னால இழுத்தா நாங்க என்னா செய்வோம்? தலைய முன்னால குனிவோம். இதுக்கு மண்டையில கனம் பத்தல. செஞ்சவருக்கும் அப்படித்தான்.”

அவள் கையோடு கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தை மூக்கில் நூலால் கட்டினாள். அவள் கொண்டுவந்தது கண்ணேறு கழிக்க. கட்டினது கனத்துக்கு. வீசினேன். பிளேன் நேராகப் போய், கூடத்தின் பாதியையும் தாண்டி, வாட்டும் தொட்டியில் பூப்போல இறங்கியது.

ஓட்டுவதற்கு மச்சினன் என் போனில் ஒரு விளையாட்டைப் போட்டுத் தந்தான். அதில் நான் விழுத்திய பிளேன்களை எண்ணினால் ஒரு நாட்டின் விமானப்படை காலி. முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. பிளேன் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதுதான். நம்மைப் பார்த்துத் திரும்பி வந்தால் இடது வலதாகிவிடும். அதற்கு நான் உடம்பையே திருப்பி, கழுத்தை முறுக்கிக்கொண்டு ஓட்டிப் பழகினேன். லயத்துக்காரர்கள் எனக்கு வாயுப் பிடிப்பு என்று நினைத்துக் கைமருந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

கும்பாபிஷேகத்துக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் கீழ்க்கணக்கில் ஒரு வீட்டிலும் மீன், இறைச்சி, முட்டை எதுவும் ஏறாது. கருவாட்டுப் பானையைக்கூட வெளியே வைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் லயத்துப் பூனைகள் பட்டினி. பட்டினி கிடக்கிற பூனைகள் எல்லாம் எங்கள் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தன. ஒன்று பிளேனின் இறக்கையை நக்கிக்கொண்டிருந்தது.

தலைவர் அந்தப் பக்கம் வந்தார். “என்னப்பா, இத்தன பூன?”

“எலி தொல்லைங்க.”

“இது என்னா சாமான்ல செஞ்ச?”

“வெள்ளை அட்டைங்க” என்றேன். மனைவி உள்ளே போய்விட்டாள். அவள் போன வேகத்திலேயே எனக்குத் தெரிந்தது, பொய் சொல்லிவிட்டேன் என்று. காப்புக் கட்டிய கையோடு சொன்ன பொய். பிளேனைப் பறக்கவிடாமல் விட்டால் வாக்குப் போகும். பறக்கவிட்டால் மீன் பெட்டி அம்மன் தலைக்கு மேல் போகும். இரண்டில் எது பெரிய குற்றம் என்று கேட்க எனக்கு ஆளில்லை. ஐயரிடம் கேட்டால் முதலில் மீன் பெட்டி என்று சொல்ல வேண்டும்.

கும்பாபிஷேகத்தன்று பனி விலகிவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது, பக்தியாலா பயத்தாலா என்று சொல்லத் தெரியவில்லை. கோயிலுக்குப் பக்கத்துப் பெரட்டுக் களத்தில் நானும் மச்சினனும் நின்றோம். ஐயர்மார் குடத்தோடு மேலே ஏறிவிட்டார்கள். மேல்கணக்குக்காரர்களும் வந்திருந்தார்கள், கைகட்டிக்கொண்டு, வாய் ஓரத்தில் சிரிப்போடு.

தலைவர் ஓடிவந்தார். “பூ போதுமா? பெத்தம்பெரிய வயிறு இருக்கு, கொஞ்சமாப் போட்டிருக்க.” நான் தடுப்பதற்குள் இரண்டு கை செவ்வந்தியை அள்ளிக் கதவுக்குள் அமுக்கி, கட்டைவிரலால் குத்தி மூடினார். பிறகு போய்த் துண்டை வீசிக் காட்டினார்.

மோட்டாரைக் கூட்டினேன். மச்சினன் வீசினான். பிளேன் நேராகத் தேயிலைச் செடிகளைப் பார்த்து இறங்கியது. ரிமோட் குச்சியை இழுத்துப் பிடித்தேன். செடியின் நுனியைத் தொட்டதோ இல்லையோ, மெதுவாக மூக்கைத் தூக்கி மேலே ஏற ஆரம்பித்தது. என் கையால் செய்த ஒன்று மலை உச்சிக்கும் மேலே பறக்கிறதைப் பார்த்தபோது, அம்மன் மன்னித்துக்கொள்ள வேண்டும், அந்த நொடியில் எனக்கு அவள் ஞாபகமே இல்லை.

வளைத்துக் கோயிலுக்கு மேலே கொண்டுவந்தேன். குடத்துத் தண்ணீர் கலசத்தில் விழுந்தது. சுவிட்சைத் தட்டினேன். பூ விழவில்லை.

மறுபடி தட்டினேன். விழவில்லை. பிளேன் கோயிலைத் தாண்டிப் போய்விட்டது.

“பூ அமுங்கிக் கதவு இறுகிப்போச்சு மச்சான்” என்றான் மச்சினன்.

கழுத்தை முறுக்கிக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்தேன். இரண்டாவது தடவையும் விழவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு. “பூவக் கொழும்புக்குக் கொண்டு போறாரு போல” என்றார் மேல்கணக்குக்காரர் ஒருவர். சுற்றிலும் சிரித்தார்கள். பேட்டரியில் இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் சத்து இருந்தது. கற்பூரத்தைத் தொட்ட விரல்கள் ரிமோட்டில் வழுக்கின. தாயே, பொய்க்குத் தண்டனை எனக்குக் கொடு, பூவை உனக்கு எடுத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன்.

மூன்றாவது சுற்றில்தான் அது வந்தது. நீர்த்தேக்கத்துப் பக்கம் இருந்து ஒரு பருந்து. முதலில் மேலே ஒரு வட்டம் போட்டது. பிறகு பிளேனுக்குப் பின்னாலேயே வந்தது. கும்பாபிஷேக நேரத்தில் கருடன் வந்து வட்டமிட்டால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஆயிரம் கண்ணும் அதற்காகத்தான் வானத்தைப் பார்க்கும். “கருடன், கருடன்” என்று ஒரு கிழவியம்மா ஆரம்பிக்க, எல்லாரும் கையெடுத்தார்கள்.

எனக்கும் மச்சினனுக்கும் மட்டும் கை எழவில்லை. பருந்துக்கு மோப்பம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பூனைகளைப் பார்த்திருக்கிறேன். கலசத்துக்கு நேர் மேலே வந்தபோது அது இறங்கி, இரண்டு காலையும் நீட்டி, பிளேனின் வயிற்றைப் பிடித்தது. கதவு பிய்ந்தது. செவ்வந்தி கொட்டியது. பாதி கலசத்தில், பாதி ஐயர்மார் தலையில், மிச்சம் மேளக்காரர்கள் மேல். பருந்து வாய்க்கு ஒன்றும் அகப்படாத கோபத்தில் இறக்கையை ஒரு கொத்துக் கொத்திவிட்டு விட்டது. பிளேன் சுற்றிச் சுற்றிப் போய்த் தேயிலைக்குள் விழுந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. “ஓம் சக்தி” என்ற சத்தத்தில் மேளம்கூடக் கேட்கவில்லை. மேல்கணக்குக்காரர்கள் கட்டின கையை அவிழ்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் என்னைச் சந்நிதிக்குக் கூப்பிட்டார்கள். எனக்குப் பரிவட்டம் கட்டப் போகிறார்களாம். தலைவர் கையில் பட்டுத் துணி. கண் கலங்கியிருந்தது.

“கருடாழ்வாரையே கொண்டாந்துட்டியேப்பா. கிட்ட வா.”

திரை விலகியிருந்தது. அம்மன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்ன தலையில் அந்தத் துணி ஏறினால் நான் வீட்டில் எப்படி விளக்கேற்றுவேன்?

“தலைவரே, ஒரு நிமிசங்க” என்று அவர் காதோடு சொன்னேன். “அது வெள்ளை அட்டை இல்லீங்க. மீன் பெட்டி. எத்தனை கழுவியும் வாடை போகலீங்க. பருந்து அம்மனுக்கு வரலீங்க, மீனுக்கு வந்துச்சு.”

தலைவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், சந்நிதியைப் பார்த்தார், வெளியே கூட்டத்தைப் பார்த்தார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு, எம் பொஞ்சாதிக்கு, மச்சினனுக்கு. உள்ள இருக்கிற அவளுக்கு.”

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “கருடன் பின்ன எதத் திங்கும்? சக்கரப் பொங்கலா?”

நான் வாயைத் திறந்தேன்.

“வாய மூடு. அந்தக் கதவ அமுக்குனது நானு. அது தெறந்திருந்தா பூ மட்டும் விழுந்திருக்கும். மேக்கணக்கு மாதிரி. கருடன் காலு பட்டு விழுந்திருக்காது. யாரு கணக்குல யாரு எழுதுனதுன்னு நமக்கென்னா தெரியும்? குனி.”

“அப்ப நான் சொன்ன பொய்ங்க?”

“அத அவகிட்டச் சொல்லு. எங்கிட்ட ஏன் சொல்ற? குனின்னா குனி.”

குனிந்தேன். பரிவட்டத்தைக் கண்ணை மறைக்கிற அளவுக்கு இறக்கிக் கட்டிவிட்டார். கீழே விளிம்பில் விளக்கு வெளிச்சமும் அம்மன் பாதமும் மட்டும் தெரிந்தன. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை என்று சொன்னதை, பிளேன் ஏறியபோது அவளை மறந்ததை, எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கிற நேரத்தில் பெண்கள் பக்கத்தில் என் மனைவி முந்தானைக்குள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. பக்தியில் அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் தேற்றினார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கக் கும்பிட்டேன்.