வால்நட்சத்திர வாத்தியாருக்கு வந்த தபால்

சோறு வடித்த கையைத் துடைத்துக்கொண்டு தபாலைப் பிரித்து அடுக்குவது அம்சவள்ளியின் வேலை. எண்பத்தாறில் வால்நட்சத்திரம் வந்தபோது, கச்சிராயபாளையத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்த அவள் புருஷன் வீரமுத்து ஒரு வாரப் பத்திரிகைக்கு அதைப் பற்றி எழுதினார். அடியில் வீட்டு விலாசத்தையும் போட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கடிதத் தொல்லை.

மழை எப்போது என்று ஒருவர். பூமி சுற்றினால் கிணற்றுத் தண்ணீர் ஏன் சிந்தவில்லை என்று கோபமாக எட்டுப் பக்கம் இன்னொருவர். மகள் ஜாதகத்தை அனுப்பிப் பொருத்தம் பார்க்கச் சொன்ன ஒரு அப்பா. கல்வராயன் மலைமேல் ராத்திரியில் சிவப்பாகத் தெரிவது எந்தக் கிரகம் என்று கேட்டவருக்கு அம்சவள்ளியே பதில் சொன்னாள்: "சாராய அடுப்புனு எழுதிப் போடுங்க." வீரமுத்து ஒருவரையும் விடவில்லை. ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும்போதுகூட சனிக்கிரகத்தின் வளையத்தைப் பற்றி நாலு வரி சேர்த்தார்.

அடுத்த வருஷம் சாலை மறியலுக்கு முந்தின நாள் வந்தது கலையரசியின் கடிதம். நைனார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். வால்நட்சத்திரம் தெரிந்த மாதத்தில் பிள்ளை பிறந்தது அப்பனுக்கு ஆகாது என்று மாமியார் வீட்டில் சேர்க்கவில்லை. பிள்ளைக்கு ஒரு வயசு தாண்டியும் அவள் தாய்வீட்டிலேயே இருந்தாள். 'ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் பெரியவங்க கூடிப் பேசுறாங்க. பத்திரிகையில பேர் வந்த நீங்க அங்க எழுதினா கேப்பாங்க சார்.'

மறுநாள் இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது, தபாலும் நின்றது. சனிக்கிழமை பக்கத்து வீட்டு தனசேகரன், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கினாவது நைனார்பாளையம் போய்ப் பதிலைக் குடுத்துடறேன் என்றான்.

வீரமுத்து மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வரும், இத்தனை கோடி மைல் தள்ளிப் போகும் என்று கணக்கு ஓடியது.

"தோஷம் இல்லனு ஒரு வரி போடுங்க," என்றாள் அம்சவள்ளி.

"போட்டா, தோஷம்னு ஒண்ணு கீதுனு நானே ஒத்துக்கின மாதிரி ஆயிடும். அப்புறம் எனக்கும் ஜோசியக்காரனுக்கும் இன்னா வித்தியாசம்?"

"அவனுக்கு வெத்தல பாக்கு வெச்சுக் குடுக்கறாங்க. உங்களுக்குத் தபால்தான் வருது."

"எழுத மாட்டேன் அம்சா. வுட்டுடு."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "அக்கா, வெயிலு ஏறிக்கினு போவுது!"

அம்சவள்ளி தாள்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்த வூட்டில் இந்தக் கணக்கை யார் படிக்கப்போகிறார்கள்? எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் முதலில் மூலையில் மஞ்சளா கறுப்பா என்றுதான் பார்ப்பார்கள். மஞ்சளைக் குழைத்து, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல் மேல் தாளின் நாலு மூலையிலும் அழுத்தமாக வைத்தாள். ஊதிக் காயவைத்தாள். அவர் எழுதியதில் ஒரு எழுத்தைத் தொடவில்லை.

திரும்பி வந்து உறையில் போடும்போது வீரமுத்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா அது, என் கணக்குமேல மஞ்சள்?"

அவள் தண்ணீர் தொட்டு உறையை ஒட்டினாள்.

"உன்னத்தான் கேக்கறேன். நல்ல சேதி, கெட்ட சேதினு நான் எங்கனா சொல்லிக்கீறனா?"

"தோ வந்துட்டேன், தனசேகரு," என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தபடி, அம்சவள்ளி உறையோடு அறையைவிட்டுப் போனாள்.